லிங்க் அனுப்பிவிட்டால் கடமை முடிந்ததா?

லுணுகலை உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டுங்கள், ஆனால் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

டித்வா புயலுக்குப் பிறகு நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு போஸ்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "மன அழுத்தமா? பதற்றமா? தூக்கம் வரவில்லையா? வீட்டில் இருந்தபடியே ஒன்லைன் உளவளத்துணை." கீழே ஒரு கியூஆர் கோடு. பக்கத்தில் ஒரு பெண், சோபாவில் சாய்ந்து, மடியில் லெப்டொப், கையில் கோப்பி. போட்டவர்களின் பெயரை நாங்கள் இழுக்கவில்லை, அவர்களுடைய நோக்கத்தையும் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த சோபாவைப் பார்த்ததும்தான் எங்களுக்குக் கோபம் வந்தது.

யாருடைய வீட்டில் இருந்தபடி?

எங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஹொப்டன் பக்கமிருந்தும் அடாவத்தைப் பக்கமிருந்தும் நடந்து வருகிறவர்கள். லயத்துக் காம்பரா என்றால் 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு, பின்னால் ஒரு அடுப்படி. அதற்குள் ஐந்து பேர், ஆறு பேர். வீட்டில் ஒரு ஸ்மார்ட் போன். பகலில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், இரவில் அண்ணனிடம் இருக்கும். ரீலோட் போட்டால் டேட்டா, போடாவிட்டால் இல்லை. சிக்னல் வேண்டும் என்றால் மேட்டுக்கு ஏற வேண்டும். தகப்பன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார் என்று பயந்து நடுங்கும் ஒரு பிள்ளை, அந்தத் தகப்பனிலிருந்து இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, போனில் யாரோ ஒரு அக்காவிடம் தன் பயத்தைச் சொல்ல வேண்டுமாம். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். எப்படிச் சொல்லும்?

டவுன் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? கடைக்குப் பின்னால் இரண்டு அறை, மூத்தம்மா, உம்மா, மருமகள், பிள்ளைகள் என்று ஒரே வீட்டில் ஒரு கூட்டம். கணவன் கட்டாரில். மைக்ரோ பினான்ஸ் கடன்காரன் கிழமைக்கு ஒரு தரம் வாசலில். அந்தத் தாய்க்கு நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, சாகப்போகிறேன் என்று தோன்றுகிறது. வைத்தியசாலையில் ஈசிஜி எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. அவரிடம் கியூஆர் கோடு காட்டி என்ன பயன்? மாமியார் முன்னால் இருந்து சூமில் அழச் சொல்கிறோமா?

உளவளத்துணைக்கு முதலில் வேண்டியது டேட்டா இல்லை. சாத்திக்கொள்ள ஒரு கதவு. அந்தக் கதவைத்தான் இங்கே யாரும் தரவில்லை.

இதைச் சொன்னவுடன் "சேர்மார் முன்னேற்றத்துக்கு எதிரிகள்" என்று ஒருவர் கொமண்ட் போடுவார். இல்லை. ஒன்லைன் உளவளத்துணை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றுக்கு, பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருந்து நடத்தினால், இணையவழிச் சிகிச்சையும் நேரில் செய்வதைப் போலவே பலன் தருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதுவும் எங்களைப் போன்ற ஊருக்கு அது இன்னும் முக்கியம். மனநல வைத்தியரைப் பார்க்க பசறை தாண்டிப் பதுளைக்குப் போக வேண்டும். ஒரு நாள் பேர் போய்விடும். கிளினிக் வாசலில் நின்றால், "இவ ஏன் இங்க நிக்கிறா?" என்ற கேள்வி நாம் வீடு வந்து சேர்வதற்கு முன்பே ஊருக்கு வந்துவிடும். முகம் தெரியாத ஒருவரிடம் போனில் பேசுவது சிலருக்கு அதனாலேயே இலகு. இதெல்லாம் எங்களுக்கும் தெரியும்.

எங்கள் சண்டை லிங்க்கோடு இல்லை. லிங்க்கை அனுப்பிவிட்டுக் கையைக் கழுவுகிறவர்களோடு.

எங்கள் ஊர்க் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தை மீரியபெத்த. காலையில் பாடசாலைக்குப் போன பிள்ளைகளில் சிலருக்குத் திரும்பிப்போக வீடு இல்லை, பெற்றோர் இல்லை. 2021 மார்ச் 20, பசறை 13ஆம் கட்டை. லுணுகலையில் இருந்து கொழும்புக்குப் போன பஸ் பள்ளத்தில் விழுந்து 10க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் நம்ம ஊர்க்காரர்கள். பாதையைப் பற்றிப் பேசினார்கள், பாதையில் கிடந்த பாறையைப் பற்றிப் பேசினார்கள், சாரதியைப் பற்றிப் பேசினார்கள். எம்பிமார் வந்தார்கள், கெமரா வந்தது. அந்த வளைவில் பஸ் திரும்பும்போது இன்றைக்கும் முன் சீட் கம்பியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள். அவர்களைப் பற்றி யார் பேசினார்கள்?

பிறகு 2025 நவம்பர் இறுதியில் டித்வா. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. பாடசாலை மீண்டும் திறந்தபோது நாங்கள் கண்டது இதைத்தான்: தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டால் பேனையை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கும் பிள்ளைகள். முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை வைத்துத் தூங்கும் பிள்ளைகள். சோம்பல் என்று நினைத்து அடிக்கக் கை ஓங்குகிறவர்கள் கவனிக்கவும், அவர்கள் இரவு தூங்குவதில்லை. "சேர், மழ பேஞ்சா அவன் சப்பாத்தப் போட்டுக்கிட்டு வாசல்ல ஒக்காந்திருக்கான், ஓடுறதுக்கு" என்று ஒரு தாய் சொன்னார். எட்டு வயதுப் பிள்ளை. மலைக்குக் காவல்.

நம்முடைய முஸ்லிம் வீடுகளுக்குள் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு, எவனோ செய்த பாவத்துக்கு பஸ்ஸிலும் வைத்தியசாலையிலும் பாடசாலை வாசலிலும் நம் பெண்கள் பட்டது. 2020 ஏப்ரலில் கோவிட் ஜனாஸாக்களை எரிப்பது கட்டாயம் என்று வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரி கடைசிவரை அது நீங்கவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது, சரி. ஆனால் தன் வாப்பாவின் ஜனாஸாவைக் குளிப்பாட்டவும் முடியாமல், தொழுவிக்கவும் முடியாமல், எரிப்பதைத் தூரத்தில் நின்று பார்த்த மகனுக்கு எந்த வர்த்தமானி தூக்கம் தரும்? அப்படிப்பட்டவர்கள் நம் நாட்டின் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு மனநல வைத்தியரிடமோ உளவளத்துணையாளரிடமோ இதைச் சொல்லியிருப்பார்கள்?

ஆக, காயம் என்பது இங்கே ஒரு ஆளின் தலைக்குள் மட்டும் நடக்கும் விஷயம் இல்லை. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வேலை செய்த மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 'மன வடு' என்ற நூலைத் தமிழிலேயே எழுதினார். முழுச் சமூகமும் சேர்ந்து காயப்படுவதைப் பற்றிப் பிறகும் தொடர்ந்து எழுதினார். இலங்கையரான உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோவும் அதேபோல ஒன்றைக் கண்டார்: நம் நாட்டவர்கள் தங்கள் வேதனையைச் சொல்லும்போது உள்ளுக்குள் நடப்பதை மட்டும் சொல்வதில்லை, குடும்பத்திலும் ஊரிலும் தங்களுக்கு இருந்த இடம் அறுந்துபோனதைச் சொல்கிறார்கள். எங்கோ இருக்கும் ஒருவர் 45 நிமிடம் திரையில் பேசி அந்த இடத்தைத் திருப்பித் தர முடியாது. பக்கத்தில் ஆள் வேண்டும்.

2004 சுனாமி நேரத்தில் இந்த நாட்டுக்கு உளவளத்துணையாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். பலருக்கு மொழி தெரியாது. பிள்ளைகளை அலையை வரையச் சொன்னார்கள், படத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். நடந்ததை ஒரே அமர்வில் கிளறிப் பேசவைப்பது உதவாது, சிலருக்குக் கெடுதல் என்று அதற்குள்ளேயே ஆராய்ச்சிகள் சொல்லிவிட்டிருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்று விஷயம்தான் சொல்கிறது: பார், கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு. பேச விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தாதே என்றும் சொல்கிறது. இவ்வளவுக்கும் பிறகு, டித்வா முடிந்த கையோடு ஒரு குழு வந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் மண்சரிவை வரையச் சொல்லி, பிள்ளைகளின் முகத்தோடு படம் பிடித்து, முகநூலில் போட்டுவிட்டுப் போனது. அழுகிற பிள்ளையின் படத்துக்கு ஆயிரம் லைக். பெற்றோரிடம் அனுமதி கேட்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைதானே, யார் கேட்கப் போகிறார்கள்?

இரகசியம் என்பது வைத்தியத்தின் பாதி. ஒன்லைனில் அது இன்னும் கூர்மையாகிறது. பின்லாந்தில் வாஸ்தாமோ என்று ஒரு உளச்சிகிச்சை நிறுவனம் இருந்தது. அதன் பதிவுகளைக் களவெடுத்தவன் 2020இல் நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் காசு கேட்டு மிரட்டினான். பல்லாயிரம் பேர் தங்கள் வைத்தியரிடம் தனிமையில் சொன்ன பேச்சு சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய ஒன்லைன் நிறுவனம், ஆட்களின் மனநல விவரங்களை விளம்பரத்துக்காக முகநூல் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்ற குற்றச்சாட்டில் 2023இல் 78 இலட்சம் டொலர் கட்ட வேண்டி வந்தது. பின்லாந்திலும் அமெரிக்காவிலும் இந்தக் கதி என்றால், கூகுள் போர்ம் ஒன்றில் பெயர், கிராமம், போன் நம்பர், "உங்கள் பிரச்சினை என்ன?" என்று கேட்கும் நம்ம ஊர் லிங்க்கை யார் திறந்து பார்க்கிறார்கள் என்று கேட்பது குற்றமா? இப்போது பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரவில் ஏஐ செயலியிடம் மனசைக் கொட்டுகிறார்கள். கேட்க மனுஷன் இல்லாத இடத்தில் மெஷின் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

முகநூலில் 'கவுன்சலர்' என்று போட்டுக்கொண்டவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு நாள் சூம் வகுப்பு, ஒரு சான்றிதழ், மூன்றாம் நாள் "கணவன் மனைவி பிரச்சினைக்கு அணுகவும்". இவர்களிடம் காசு கட்டுவதற்கு முன்னால் எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள், என் பேச்சைப் பதிவு செய்கிறீர்களா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குக் கோபப்பட்டால் போனை வையுங்கள்.

சரி, வெளியே உள்ளவர்களைத் திட்டியாயிற்று. இனி நம்ம ஆட்கள்.

"ஈமான் குறைந்ததால்தான் இந்த மனநோய்." ஜும்ஆ முடிந்து வாசலில் நின்று இப்படிப் பேசுகிறவர்களிடம் கேட்கிறோம்: நபி யஃகூப் (அலை) மகனைப் பிரிந்த துக்கத்தில் கண்பார்வை மங்கும்வரை அழுதார்கள் என்று குர்ஆனில்தானே ஓதுகிறீர்கள்? அவர்களுக்கு ஈமான் குறைவா? கதீஜா நாயகியும் அபூதாலிபும் வஃபாத்தான ஆண்டைத் துக்க ஆண்டு என்றே நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். கிட்டத்தட்ட 1,100 வருடத்துக்கு முன்னால் அபூ ஸைத் அல்-பல்கி, உடலுக்கு நோய் வருவதுபோல மனசுக்கும் நோய் வரும், அதற்கும் வைத்தியம் உண்டு என்று ஒரு முழு நூலே எழுதினார். காரணம் தெரிந்த கவலையையும் காரணமே தெரியாமல் வரும் கவலையையும் அவர் பிரித்துக் காட்டினார். அந்தப் பரம்பரையில் வந்த நாம், தூங்காத பிள்ளைக்கு இஸ்ம் கட்டி ஊதிவிட்டு முடித்துக்கொள்கிறோம். துஆ வேண்டாம் என்று யார் சொன்னது? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. கட்டாமல் ஊதிக்கொண்டே இருந்தால் எப்படி?

தோட்டத்துப் பக்கமும் கதை வேறு இல்லை. பிள்ளை வெறித்துப் பார்த்தால் பேய், பூசாரி, ஆயிரக்கணக்கில் செலவு, கடைசியில் கடன். எங்கள் உறவுகள் என்பதால் உரிமையோடு சொல்கிறோம், மாரியம்மனைக் கும்பிடுங்கள், அதோடு வைத்தியரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள்.

"பைத்தியம்" என்று பட்டம் கட்டுகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1995இல் இந்த நாட்டில் 1 இலட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் என்ற அளவில் தற்கொலைகள் நடந்தன. உலகத்திலேயே மிக மோசமான நிலைகளில் ஒன்று. அது எப்படி இறங்கியது? "மனசைத் திடப்படுத்துங்கள்" என்று உபதேசம் செய்தா? இல்லை. கொடிய பூச்சிநாசினிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அந்தத் தடைகள் 20 வருடத்தில் சுமார் 93,000 உயிர்களைக் காப்பாற்றின என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். உயிரை மாய்க்க முயன்று தப்பியவரைக் குற்றவாளியாகப் பார்த்த சட்டத்தை 1998இல் நீக்கினார்கள். உபதேசத்தை விட ஏற்பாடு உயிர் காக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

எங்களுக்கும் இப்போது வேண்டியது ஏற்பாடுதான். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு சின்ன அறை. கதவு சாத்தக்கூடிய அறை. விளையாட்டுச் சாமான் குவித்து வைத்திருக்கும் அறையைத் துப்புரவாக்கினாலே போதும். அதில் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு டெப், ஒழுங்கான ஒரு இணைய இணைப்பு. கிழமைக்கு இரண்டு நாள், பாடசாலை நேரத்திலேயே, பயிற்சி பெற்ற, தமிழில் பேசும் உளவளத்துணையாளர் ஒருவர் அந்தத் திரையில் இருக்க வேண்டும். அதே ஆள், மாதாமாதம் வேறு ஆள் இல்லை. ஒரு பிள்ளை தன் கதையை நாலு பேரிடம் முதலில் இருந்து சொல்லாது. மாதத்துக்கு ஒரு தரம் அவர் நேரில் வந்து போக வேண்டும். பிள்ளைகளுக்கு முடிந்த பிறகு பின்னேரத்தில் அந்த அறையைத் தாய்மாருக்குத் திறந்துவிடலாம். "பிள்ளையின் பாடசாலைக்குப் போகிறேன்" என்றால் எந்த மாமியாரும் ஏன் என்று கேட்க மாட்டார். பார்த்தீர்களா, ஒன்லைன் உளவளத்துணைக்கு இங்கே ஒரு வீடு கிடைத்துவிட்டது.

ஆலோசனை ஆசிரியர் ஏற்கனவே இருக்கிறாரே என்பார்கள். பெயரளவில் இருக்கிறார், அவருக்கும் கிழமைக்கு நிறையப் பாடவேளை இருக்கிறது, இல்லாத ஆசிரியரின் வகுப்புக்கும் அவரையே அனுப்புகிறார்கள். நாங்கள் ஆசிரியர் கலாசாலையில் கல்வி உளவியல் படித்தோம். பியாஜேயின் பருவங்களைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். மண்ணுக்குள் போன தம்பியைப் பற்றி ஒரு பிள்ளை கேட்கும்போது என்ன சொல்வது என்பது அந்தப் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. அதற்குப் பயிற்சி தாருங்கள், கிழமைக்கு நாலு பாடவேளை விடுதலை தாருங்கள் என்று வலயக் கல்விப் பணிமனையிடம் கேட்கிறோம். சம்பளம் கூட்டிக் கேட்கவில்லை, பயப்பட வேண்டாம்.

இது நடக்காத கனவும் இல்லை. சிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல வைத்தியர் 2006இல் தன் நகரத்துப் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் மரவாங்கு போட்டு உட்கார வைத்தார். நாட்டில் மனநல வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு, பாட்டிமாருக்குக் குறைவில்லை. 2016இல் வந்த ஆய்வில், அந்த வாங்கில் உட்கார்ந்து பேசியவர்களின் மனச்சோர்வு, வழமையான சிகிச்சை பெற்றவர்களை விடத் தெளிவாகக் குறைந்திருந்தது. நம்மிடம் பாட்டிமார் இல்லையா? ஓய்வுபெற்ற டீச்சர்மார், மருத்துவமாது, ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இல்லையா? எங்கள் மண்ணில் குறைவது ஆளில்லை, ஆளைப் பழக்குகிறவர்களும் மேற்பார்வை செய்கிறவர்களும்தான். அந்த மேற்பார்வையை ஒன்லைனில் தாருங்கள். அதற்கு இணையம் அருமையான வழி.

மொழி பற்றியும் எழுத்திலேயே கேட்கப் போகிறோம். தேசிய உதவி இலக்கங்களில் மூன்று மொழியிலும் சேவை என்று அறிவித்திருக்கிறார்கள். நல்லது. இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் தமிழ் பேசுகிறவர் ஒருவர் இருப்பாரா, "நெஞ்சு பாரமா இருக்கு", "உசிரு ஒடம்புல நிக்கல" என்று ஒரு தோட்டத்து அம்மா சொன்னால் அதை நெஞ்சு நோய் என்று எழுதாமல் விளங்கிக்கொள்வாரா என்பதற்கு உத்தரவாதம் வேண்டும்.

கடிதம் தயாராகிக்கொண்டிருக்கிறது. பிரதேச செயலகத்துக்கு ஒன்று, வலயக் கல்விப் பணிமனைக்கு ஒன்று, சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒன்று. பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் பரிபாலன சபையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அதற்குத் தனிப் பலம். பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருக்கும் பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் மதில் கட்டுவதையும் பேண்ட் உடுப்பு தைப்பதையும் பற்றிப் பேசும்போது இந்த அறையைப் பற்றியும் பேசுங்கள். கையெழுத்துப் போட விருப்பமானவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள், அல்லது பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு பாடசாலைக்கு வாருங்கள்.

அதுவரைக்கும் கையில் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926, 24 மணி நேரமும். 1333க்கு அழைப்பது இலவசம். பிள்ளைக்கு வீட்டுக்குள்ளேயே ஆபத்து என்றால் 1929, பெண்களுக்கு 1938. பேசுவதற்கு இடம் இல்லை என்றால் பாடசாலைக்கு வந்து எங்கள் போனில் பேசுங்கள். கதவைச் சாத்திவிட்டு நாங்கள் வெளியில் நிற்போம்.